லீவு முகாம்: தனியாக வைப்பதா, சேர்த்து வைப்பதா?

2025 ஜூலை 9, நிந்தவூரில் இருந்து ஒரு வாசகி

என்ட மகனுக்கு ஒன்பது வயசு. மூளை முடக்குவாதம், வீல்செயார்லதான் திரியிறார். கதை எல்லாம் நல்லாக் கதைப்பார். ஓகஸ்ட் லீவுக்குப் பக்கத்து ஊர்ல மூணு நாள் சிறுவர் முகாம் ஒண்டு வைக்கிறாங்க. பேர் குடுக்கப் போன இடத்துல "இவர மத்தப் புள்ளைகளோட வைக்க ஏலா, இவர மாதிரிப் புள்ளைகளுக்கு மறுகா தனியா ஒரு நாள் வைப்பம்" எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. வெளிநாட்டுல எல்லாரையும் சேர்த்துத்தான் வைக்கிறாங்க எண்டு கேள்வி. அது மெய்யா? எப்ப, யார் தொடங்கின? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க சேர்.

ஜூலை 9, இரவு 10.40

சேர் எல்லாம் வேண்டாம். நான் ரீச்சரும் இல்லை, டொக்டரும் இல்லை. கல்லடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன், வீல்செயாருக்கும் ரியூப் மாற்றுவேன். தங்கச்சிக்கு உங்கள் மகனுக்கு உள்ள அதே பிரச்சினை. அவளால்தான் இந்த விஷயங்களை வாசிக்கத் தொடங்கினேன்.

சுருக்கமான பதில்: மெய்தான். சேர்த்துத்தான் வைக்க வேண்டும், உங்களைத் திருப்பி அனுப்பியது பிழை.

நீளமான பதில்: 1962இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு தாய், அப்படியே உங்கள் கதைதான், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள தன் பிள்ளையை எந்தக் கோடை முகாமும் எடுக்கவில்லை என்று யூனிஸ் கென்னடி ஷ்ரைவருக்கு ரெலிபோன் பண்ணினார். ஜனாதிபதி கென்னடியின் தங்கச்சிதான் இந்த யூனிஸ். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் அதே குறைபாடு. 1941இல் மூளையில் செய்த ஒப்பரேஷன் பிழைத்துப்போய், மிச்சக் காலம் முழுக்கப் பராமரிப்பு நிலையத்திலேயே கழிந்தது. யூனிஸ் அந்த ஜூன் மாதமே தன் வீட்டு வளவைத் திறந்துவிட்டார். நீச்சல் குளம், குதிரை, பந்து எல்லாம். உயர்தரப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஏறக்குறைய ஒரு பிள்ளைக்கு ஒருவராக நின்றார்கள். யூனிஸின் சொந்தப் பிள்ளைகளும் கூடவே விளையாடினார்கள். அப்போது அவருடைய மகன் திமோதிக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. 1968 ஜூலை 20இல் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காக நடந்த முதலாவது விசேட ஒலிம்பிக், அந்த வளவில் இருந்து வளர்ந்து வந்ததுதான். அந்தச் சின்னப் பொடியன் திமோதிதான் பிற்காலத்தில் அதற்குத் தலைவரானது.

ஆகவே உங்களைத் திருப்பி அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஜூலை 10, காலை 6.15

இரவு எழுதியதைத் தேத்தண்ணியோடு திரும்ப வாசித்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஷ்ரைவர் வீட்டு முகாமை "சேர்த்து வைத்த முகாம்" என்று சொன்னால் முழுச் சரியில்லை. அது அந்தப் பிள்ளைகளுக்கென்றே வைத்த முகாம். மற்றவர்கள் துணைக்கு வந்தார்கள். குறைபாடு உள்ள பிள்ளை பாதி, இல்லாத பிள்ளை பாதி என்று எடுத்து எல்லாரையும் ஒரே மாதிரி முகாம் பிள்ளைகளாக வைத்தது 2006இல், பொஸ்டனில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், அதே ஷ்ரைவர் பெயரில் நடந்த முகாமில். இடையில் நாற்பத்து நாலு வருஷம் போயிருக்கிறது. பிரித்தானியாவில் 1957இலேயே "ஃபாப்" என்ற அமைப்பு, உடல் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாக என்ற கொள்கையைப் பெயரிலேயே போட்டுக்கொண்டு தொடங்கிவிட்டது.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், துணைக்கு வந்த பிள்ளையும் விளையாட வந்த பிள்ளையும் ஒன்று இல்லை. துணைக்கு வந்தது பின்னேரம் ஆகும்போது மணிக்கூட்டைப் பார்க்கும். விளையாட வந்தது சண்டை பிடிக்கும்.

ஜூலை 10, பகல், கடையில் ஆள் இல்லாத நேரம்

முகாம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. எங்கள் பக்கத்தில் முகாம் என்றால் இரண்டுதான்: ஆமி முகாம், அகதி முகாம். 2010இல் நாங்கள் தங்கச்சியைப் பிள்ளைகள் முகாமுக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்ட அன்று அம்மம்மா கதவுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். "திரும்பவும் முகாமா? ரெண்டு தரம் கிடந்தது போதாதா மனே?" நாவலடியில் எங்கள் வீடு சுனாமியோடு போன பிறகு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் நாங்கள். தங்கச்சிக்கு அப்போது ஏழு வயது, வீல்செயாரும் தண்ணியோடு போயிருந்தது. அவளைப் பாயோடு சேர்த்துத் தூக்கித்தான் கக்கூசுக்குக் கொண்டுபோவோம். முகாம் என்றதும் அம்மம்மாவுக்கு அந்தப் பாய்தான் நினைவு வந்திருக்கும்.

சாரணர்கள் பாசறை என்பார்கள். அதுவும் எங்கள் ஊர்க் காதுக்கு அவ்வளவு நல்லதாகப் படாது.

எல்லாரையும் சேர்த்து வைப்பதற்கு அரசாங்கம் சொல்கிற "உட்படுத்தல்" என்ற சொல் அதைவிட மோசம். கல்வித் திணைக்களத்துக் கடிதங்களில் உட்படுத்தல் கல்வி, உட்படுத்தல் செயற்பாடு என்று வரும். செய்தியில் நாங்கள் கேட்கிறது "சந்தேக நபர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார்". பாவம் பிள்ளை.

ஜூலை 12, இரவு

சரி, தங்கச்சியைக் கூட்டிப்போன அந்த முகாமின் கதையை, பாசிக்குடாக் கடற்கரையில் நாங்களே வைத்தது, சொல்லித்தான் ஆக வேண்டும். நேற்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

2010 ஓகஸ்ட். கச்சான் காற்று அடிக்கிற காலம், பகலில் வீல்செயார் ரிம்மைத் தொட்டால் உள்ளங்கை சுடும். கூட்டாளிமார் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மூன்று நாள் வைத்தோம். பெரிய அமைப்பு ஒன்றும் பின்னால் இல்லை, சல்லியும் இல்லை. பிள்ளைகள் இருபத்து நாலு பேர். பதினொரு பேருக்கு ஏதோ ஒரு குறைபாடு, மற்றவர்கள் அந்தப் பிள்ளைகளின் சகோதரங்களும் அயல் பிள்ளைகளும். பாசிக்குடாவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கரையில் இருந்து கனதூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்புக்குத்தான் வரும், அலை இல்லை. நடக்க ஏலாத பிள்ளையைக் கடலில் இறக்க அதைவிடத் தோதான இடம் இந்தக் கரையில் இல்லை.

நாங்கள் எல்லாத்தையும் யோசித்தோம், கக்கூசைத் தவிர. போன பிறகுதான் பார்த்தோம், குந்துகிற கக்கூசு. ஐந்து பிள்ளைகளுக்குக் குந்த ஏலாது. பக்கத்துக் கடையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை வாங்கி, நடுவில் கத்தியைச் சூடாக்கி ஓட்டை வெட்டி, வெட்டின விளிம்பு தொடையைக் கிழிக்காமல் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாகப் பிளந்து சுற்றி, இறுக்கிக் கட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அந்தக் கதிரைதான். மூன்று நாள் முடிந்த பிறகு ஒரு தாய் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மணலில் வீல்செயார் ஓடாது. முன் சில்லு புதைந்துவிடும். தென்னோலைக் கிடுகு விரித்துப் பாதை போட்டோம், அதற்கு மேலால் உருட்டிக்கொண்டு தண்ணிவரை போனோம்.

இரண்டாம் நாள் பின்னேரம் வசந்தன் ஆட்டம். ஆட்டம் பழக்குகிற ஒரு அண்ணாவியாரைக் கூட்டி வந்திருந்தோம், எழுபதுக்கு மேல் வயது. பிள்ளைகளைச் சோடி சோடியாகக் கம்போடு நிறுத்தினார். காது கேளாத பொடியன் ஒருவன், பதினொரு வயதிருக்கும், ஓரமாக நின்றான். அண்ணாவியார் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய கையைப் பிடித்து மத்தளத்தின் வயிற்றில் வைத்து இரண்டு தாளக்கட்டு அடித்தார். மறுகா ஆட்ட வட்டத்தில் தனக்குப் பக்கத்தில், மத்தளம் அவன் முதுகில் உரசுகிற மாதிரி நிறுத்தினார். அவன் ஒரு அடிகூடத் தவறவில்லை. தவறியது மற்றப் பிள்ளைகள், எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றதால். "அவன்ட முகத்துலயா தாளம் கிடக்கு?" என்று அண்ணாவியார் கத்தியது இப்பவும் காதில் கேட்கிறது.

அதுதான் சேர்த்து வைப்பது. வேறென்ன?

ஜூலை 13

தங்கச்சி வாசித்துவிட்டாள். மூன்று திருத்தம்.

ஒன்று, கிடுகு மட்டும் போட்டதில் முதல் வீல்செயாரே சறுக்கிக் கவிழ்ந்தது, அதில் இருந்தது அவள்தான், நான் அதை வசதியாக மறந்துவிட்டேனாம். பிறகு மீனவர் வாடியில் ஒரு பழைய வலை வாங்கி அடியில் விரித்து, அதன் மேல் கிடுகு போட்ட பிறகுதான் பிடித்தது. மெய்தான்.

இரண்டு, அண்ணாவியாருக்கு எழுபது எல்லாம் இல்லை, அறுபதுக்குள்தான்.

மூன்றாவதை அப்படியே தருகிறேன்: "மூண்டு நாளும் எல்லா விளையாட்டுக்கும் நான்தான் நடுவர். விசிலைத் தந்து ஒரு மூலையில விட்டீங்க. சேர்த்து வைச்சனீங்களாம்."

பதினைந்து வருஷமாக இதை அவள் சொன்னதில்லை. விசில் என் கழுத்தில் இருந்து கழற்றிக் கொடுத்தது.

ஜூலை 14

நேற்று முழுக்க வேலை ஓடவில்லை. அவளிடம் கேட்டேன், அப்படியென்றால் அந்த முகாமில் என்னதான் பிடித்தது என்று. கடல் என்பாள் என்று நினைத்தேன். "ராவு" என்றாள்.

இரவில் நாங்கள் சமையல் சட்டிகளைக் கழுவப் போன நேரத்தில் நடக்க ஏலாத ஐந்து பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்துக் கதைத்திருக்கிறார்கள். யார் யார் தூக்கும்போது கக்கத்தில் நோகும், யார் கேட்காமலே தூக்குவார்கள், யாருடைய அம்மா மற்றவர்களுக்கு முன்னால் அழுவார், இப்படி. எங்கள் எல்லாருக்கும் பட்டம் வைத்திருக்கிறார்கள். எனக்கு வைத்த பட்டத்தை இங்கே எழுத மாட்டேன். தன்னை மாதிரி இன்னொரு பிள்ளையோடு அவள் கதைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாம். வயது பதின்மூன்று.

இதைக் கேட்ட பிறகுதான் 9ஆம் திகதி எழுதியதில் ஒரு பெரிய ஆளை விட்டுவிட்டேன் என்று விளங்கியது. ஜெனெட் முகாம். நியூயோர்க் மாநிலத்தில், கற்ஸ்கில் மலைப்பக்கம், 1951இல் தொடங்கியது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அதாவது, என் கணக்கில், "தனியாக" வைத்த முகாம். அறுபதுகளின் கடைசியில் அதை நடத்தியவர்கள் நீட்டு மயிர் வைத்த ஹிப்பிகள். பேஸ்போல் ஆடினார்கள், காதல் பண்ணினார்கள், இரவில் வட்டமாக இருந்து தாய்தகப்பனைப் பற்றி, தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கதைத்தார்கள். சல்லி இல்லாமல் 1977இல் மூடினார்கள், பிறகு வேறு இடத்தில் திறந்து 2009 வரை ஓடியது.

அந்த முகாமுக்குப் போன ஒரு பிள்ளைதான் ஜூடித் ஹியூமன். ஒன்றரை வயதில் போலியோ. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது இவருடைய வீல்செயார் தீ விபத்துக்கு இடைஞ்சல் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். (நிந்தவூர்த் தங்கச்சி, கவனிக்க.) 1973இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் 504ஆம் பிரிவு, அரச பணம் வாங்குகிற எந்த இடமும் குறைபாட்டைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்றது. ஆனால் அதைச் செயற்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் வருஷக்கணக்கில் இழுத்தார்கள். 1977 ஏப்ரல் 5இல் ஹியூமனும் ஏறக்குறைய நூற்றைம்பது பேரும் சான் பிரான்சிஸ்கோவில் அரச கட்டடம் ஒன்றுக்குள் போய் இருந்துவிட்டார்கள். மூன்று கிழமைக்கு மேல். ஜெனெட் முகாமில் பழகிய ஆட்கள் அதற்குள் இருந்தார்கள். உள்ளே ரெலிபோனை வெட்டிவிட்டதும், காது கேளாத போராட்டக்காரர்கள் யன்னலில் நின்று சைகையால் வெளியே செய்தி சொன்னார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28இல் கையெழுத்து விழுந்தது.

ஆக, சேர்த்து வைக்காத ஒரு முகாமில் வளர்ந்தவர்கள்தான் எல்லாரையும் சேர்க்க வைக்கிற சட்டத்தை உயிரோடு எழுப்பினார்கள். எனக்கு இது ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. 9ஆம் திகதி "சேர்த்துத்தான்" என்று எவ்வளவு உறுதியாக அடித்திருக்கிறேன், பாருங்கள்.

ஜூலை 17

"அப்ப அவர்கள் தனியா ஒரு நாள் வைப்பம் என்றது சரியா?" என்று ஒருவர் மடக்குகிறார். இல்லை. ஜெனெட்டில் பிள்ளைகள் கிழமைக்கணக்கில் தங்கினார்கள், தங்கள் கதையைத் தாங்களே கதைத்தார்கள். இங்கே "தனியா ஒரு நாள்" என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்: பந்தல், மாலை, பிரமுகர் பேச்சு, ஒரு பை, ஒரு பக்கற் பிஸ்கட், படம் எடுப்பு, பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சல், வீட்டுக்குப் போ. தங்கச்சியிடம் அப்படிப்பட்ட பை ஒன்பது கிடக்கிறது.

இன்னொருவர், இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை, எங்கள் ஊருக்கு ஒத்துவராது என்கிறார். ஐயா, 1996இல், சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்தில், மட்டக்களப்பு நகரத்துக்குள் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடங்கினது. இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து செய்தது. யுத்தம் தின்ற ஊர்களில் இருந்து தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி வந்து களிமண், சாயம், கதை, நாடகம் என்று விட்டார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று தொடங்கியது இல்லைத்தான். ஆனால் "இந்தப் பிள்ளையையும் அந்தப் பிள்ளையையும் சேர்த்து வைக்க ஏலாது" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் சேர்த்து வைத்தார்கள். பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் வைத்த முதல் சாரணர் முகாமிலும் பணக்காரப் பொடியன்களையும் தொழிலாளி வீட்டுப் பொடியன்களையும் கலந்துதான் வைத்தார். குறைபாடுள்ள சாரணர்களுக்கென்று "அகூனோரி" என்று ஒன்று பிறகு வந்தது, இலங்கையிலும் நடந்திருக்கிறது.

ஜூலை 24

ஆடி அமாவாசை. மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குத் தங்கச்சியைக் கூட்டிப்போய் வந்தேன். அந்தச் சனத்துக்குள் வீல்செயாரைக் கண்டதும் வழி விட்டார்கள், அது நல்லதுதான். ஆனால் ஒரு கிழவி அவளுடைய மடியில் இருபது ரூபாய்த் தாளைப் போட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனார். தங்கச்சி அந்த இருபது ரூபாயில் கச்சான் கொட்டை வாங்கலாம் என்று பார்த்தால் இருபதுக்கு யாரும் தரவில்லை. சிரித்துச் சிரித்து வந்தோம்.

தலைப்புக்குச் சம்பந்தமில்லை. எழுத வேண்டும் போல் இருந்தது.

ஜூலை 30

நிந்தவூர்த் தங்கச்சி தனிமடலில் சட்டம் கேட்டிருந்தார், மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, வலது குறைந்தவர்களின் உரிமைகளுக்கானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆம் உறுப்புரையை வாசியுங்கள். விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமாகப் பங்குபற்ற வழி செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டத்தின்படி தனியார் கோடை முகாம்கூட நியாயமான மாற்றங்களைச் செய்து பிள்ளையை எடுக்கத்தான் வேண்டும். இங்கே அப்படி மல்லுக்கு நிற்கச் சல்லியும் நேரமும் யாருக்கு இருக்கிறது?

அதனால் சட்டத்தை விட்டுவிட்டு, நடத்துகிறவர்களிடம் கக்கூசைக் கேளுங்கள். அவர்கள் "ஏலா" என்று சொல்வதில் முக்கால்வாசி அதுதான், வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். கதிரை நான் வெட்டித் தருகிறேன், இலவசம். தரை மணலா கட்டாந்தரையா என்று கேளுங்கள். எப்படிப் போவது என்று கேளுங்கள். பஸ்ஸில் ஏற்றுவதுதான் சீவன் போகிற வேலை. எங்கள் பக்கத்தில் வாவிக்கு அந்தக் கரைக்கு, படுவான்கரைக்கு, போக ஒரு வசதி, வாவியைக் கடக்கிற "பாதை" இருக்கே, மிதந்து போகிற தட்டு, அதில் படி இல்லை, வீல்செயாரை அப்படியே உருட்டி ஏற்றலாம். குருமண்வெளிப் பாதையில் தங்கச்சி மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் ராசாத்தி மாதிரி போவாள்.

எல்லாத்துக்கும் முதல், மகனிடம் கேளுங்கள். இவ்வளவு எழுதியும் அவரிடம் கேட்கவில்லையே நாங்கள்.

ஓகஸ்ட் 2

பதில் வந்திருக்கிறது, அவர் அனுமதியோடு: "மகன்ட கேட்டன். 'போறன், ஆனா நடுவர் வேலை தந்தா வரமாட்டன்' எண்டார்."

தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கை தட்டினாள்.

ஓகஸ்ட் 6

நடத்துகிறவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள், பாதியளவுக்கு. பகலுக்கு மட்டும் வரலாம், இரவு தங்க ஏலாது. இரவுதான் முக்கியம் என்று இங்கே இவ்வளவு எழுதின பிறகு! சரி, வருகிறதை விடக்கூடாது. அதே ஊரில் இருந்து இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒரு பிள்ளைக்குப் பார்வை இல்லை. ஓட்டை வெட்டின கதிரை நேற்றே கல்முனை பஸ்ஸில் போய்விட்டது. கொண்டக்டர் இது என்ன சாமான் என்று கேட்டார், சொன்னேன், டிக்கெட்டுக்குக் காசு எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 13

முகாம் முடிந்தது. தாய் அனுப்பிய குரல் பதிவு ஒன்பது நிமிஷம், அதில் பாதி மகனுடைய சத்தம்.

கிளித்தட்டு, கோட்டில் காவல் நிற்கிற ஆட்கள் தட்டிவிடாமல் கடந்து ஓடுகிற விளையாட்டு. கட்டாந்தரை, சுண்ணாம்புக் கோடு. குறுக்குக் கோட்டில் நிற்கிற ஆள் அந்தக் கோட்டிலேயே இடமும் வலமும்தான் போக வேண்டும், வீல்செயாருக்கு அதைவிட வசதி வேறென்ன? மூன்றாவது கோட்டில் அவரை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பேரைக் கையாலேயே தட்டிவிட்டார். மூன்றாவதாக ஒரு பெண் பிள்ளை குனிந்து ஓடியபோது கை எட்டவில்லை, முன் சில்லு அவளுடைய காலில் பட்டுவிட்டது. அவள் அவுட் என்று இவர். சில்லு பட்டது கணக்கில்லை என்று அவள். "சில்லும் நான்தான்" என்று இவர். "அப்ப உன்ட சில்லு கோட்டுக்கு வெளிய நிண்டது, நீதான் அவுட்" என்று அவள். கால் மணித்தியாலம் விளையாட்டு நின்று, கடைசியில் நடுவராக நின்ற ரீச்சர் விசிலைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாராம்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஆள் அடங்கவில்லை, என்னிடம் தீர்ப்புக் கேட்கிறார். தங்கச்சி அவர் பக்கம். எனக்கு அந்தப் பெண் பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது, முன் சில்லு கோட்டை விட்டு வெளியே நின்றிருந்தால். கிளித்தட்டு ஒழுங்காகத் தெரிந்த ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.